கூப்பிடலேன்னா குடிச்சிட்டான்னு அர்த்தம்

கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து அந்தப் பல் செட்டின் இளஞ்சிவப்பு அண்ணத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. மற்றக் கையில் சுழலும் கல். கல் பட்ட இடத்திலிருந்து மாவு போலத் தூள் பறந்தது. கொஞ்சம் தேய்ப்பது, நிறுத்துவது, ஊதுவது, ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது. முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், நாக்கின் நுனி வந்து உட்காரும் இடத்தில், பூச்சு தடித்திருந்தது. தடிமன் பார்க்கும் இடுக்கியால் கவ்விப் பார்த்துவிட்டு அந்தக் கைகள் மறுபடி தேய்த்தன. ஒவ்வொரு முறை கல் நிற்கும்போதும் இடக்கை மட்டும் பல் செட்டை விட்டுவிட்டு, மேசையில் கிடந்த போனைத் தொட்டுத் திரையை எழுப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. திரை முழுக்கத் தூளில் விரல் தடம்.

"தங்கச்சி, அந்தப் போனுக்கும் ஒரு பல் கட்டி விட்டுடு. நீ முறைக்கிற முறைப்புக்கு அதுவே வாயத் திறந்து பேசிடும்போல."

சொன்னது எதிர் மேசை அண்ணன். வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பது அவர் வேலை. பிளாஸ்டர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த மருத்துவமனையில் முன்னறை டாக்டரம்மாவுடையது, நோயாளி சாயும் நாற்காலி அங்கே. நடுவில் ஒரு திரைச்சீலை. பின்னறையில் இவர்கள் இருவரும், மெழுகும், விளக்கும், பெட்டி பெட்டியாகப் பற்களும்.

"அடிக்கலதானேண்ணே?"

"உன் மூக்குக்கு முன்னாடிதானே கெடக்குது. அடிச்சா எனக்கு மட்டும் தனியாக் கேக்குமா?"

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. ஐந்து மாதப் பெண் குழந்தை, அவர்கள் குடியிருக்கும் அதே கட்டடத்தின் மேல் மாடியில், மேல் வீட்டு அக்காவின் இடுப்பில் இருந்தது. பிழிந்தெடுத்த பால் பாட்டில்களில் அடைத்து அக்கா வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. பாலுக்குக் குறையில்லை. அதைப் பாட்டிலில் குடிக்கத்தான் குழந்தைக்கு மனமில்லை. பிறந்ததிலிருந்து ரப்பர் காம்பு எதையும் அது உதட்டுக்குள் விட்டதில்லை.

காலையில் குழந்தையை வாங்கிக்கொண்டு மேல் வீட்டு அக்கா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

"மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு தடவகூடக் குடிக்கலேன்னா கூப்பிடுவேன், நீ ஓடி வந்துடு. குடிச்சிட்டான்னா கூப்பிட மாட்டேன். மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நல்ல சேதி சொல்றதுக்கெல்லாம் எனக்கு நேரம் கெடையாது. நீயும் கூப்பிடாத. இப்பத்தான் ஒண்ணு தூங்கியிருக்கும், உன் போன் வந்து மூணையும் எழுப்பி விட்டுடும்."

ஓடி வருவது அத்தனை சுலபமில்லை. விடுப்பில் இருந்த மாதங்களில் டாக்டரம்மா வேறொரு பெண்ணை வைத்துச் சமாளித்தார். அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாள். போன வாரம் பேசப் போனபோது டாக்டரம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: "பாதி நாள்ல எழுந்து போறதா இருந்தா இப்பவே சொல்லிடும்மா, நான் தப்பா நெனைக்க மாட்டேன். நாற்காலில ஆளை வாயத் திறந்து உக்கார வச்சுட்டு நான் யாரைத் தேடறது? ரெண்டு பேரை வச்சுக்க எனக்கும் வழியில்ல." கோபப்பட்டிருந்தால்கூட எதிர்த்து ஏதாவது பேசியிருக்கலாம். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? வந்துடறேன் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதனால் இன்றைய மதியம் வரை அந்தப் போன் அடிக்கக் கூடாது.

ஏற்பாடு இல்லாமல் இறங்கியவளும் அல்ல அவள். பல் கட்டுகிறவர்களுக்கு எதையும் முன்கூட்டி அளந்துகொள்ளாவிட்டால் கை ஓடாது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதே எல்லாம் பேசி முடிந்திருந்தது. அவளுடைய கூடப்பிறந்த அக்கா, "நான் வீட்ல சும்மாதானே இருக்கேன், உன் புள்ளைய நான் பாக்காம யார் பாப்பா?" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். குழந்தை குப்புற விழுந்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் சந்தோஷமும் குற்றவுணர்வும் சரிபாதி.

"ஏய், எனக்கு வேலை கெடைச்சிருச்சுடி."

"உனக்கா? யாரு கேட்டா வேலை?"

"நான்தான்டி கேட்டேன். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். குடுக்க மாட்டாங்கன்னு நெனைச்சுத்தான் உனக்கு வாக்குக் குடுத்தேன்."

அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. "நீங்க ஒரு மாசம் லீவு போடுங்க" என்றதற்கு, "உள்ள மாட்டிக்கிட்டுக் கத்தறவன்கிட்ட, இருப்பா, பாப்பா தூங்கினதும் வரேன்னு சொல்லட்டுமா?" என்றான். பிறகு அவனே முகம் வாடி, "கேட்டேன்டி. ரெண்டு நாளுக்கு மேல தர மாட்டேங்கறாங்க" என்றான். இருவரும் சேர்ந்து குழந்தைக் காப்பகங்களைப் பார்க்கப் போனார்கள். ஒன்றில் தரை பளிங்கு போல இருந்தது, ஆனால் நடக்கத் தெரிந்த குழந்தைகளைத்தான் சேர்ப்பார்களாம். இன்னொன்றில் இடம் இருந்தது. ஓர் அறை நிறையக் குழந்தைகளும் அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவள் அழுகிற குழந்தை ஒன்றைத் தூக்கும்போதே இன்னொன்றைக் கீழே விட வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அவன், "சுவர்ல படமெல்லாம் நல்லா வரைஞ்சிருக்காங்க" என்றான். அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

மேல் வீட்டு அக்கா கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம். துணி உலர்த்தப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, "என் வீட்ல ஏற்கனவே என்னோடது ஒண்ணு, எதிர்வீட்டுது ஒண்ணு. உன்னோடதையும் கொண்டா. ரெண்டு அழற எடத்துல மூணு அழுதா என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். கறாரான பெண். மேலுக்குக் கத்துவாள். ஆனால் கத்திக்கொண்டே அவள் குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைக்கிற விதத்தை இவள் பார்த்திருந்தாள். அங்குலம் விடாமல் துடைப்பாள். கைகளை நம்புகிறவள் இவள். ஏற்பாடு முடிந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பாட்டில் விஷயம் தலைதூக்கியது அதற்குப் பிறகுதான்.

வாய் ஒன்றை ஏற்க மறுத்தால் அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. பொருத்தம் சரியில்லை. இத்தனை வருட வேலையில் அவள் பார்த்தது அதைத்தான். ஒரு தலைமுடி அளவு உயரம் கூடினாலும் நாக்கு அங்கேயே போய்ப் போய் முட்டும். ஆள் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், ஊரையே திட்டுவார். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். குழந்தை பாட்டிலைத் துப்பியபோதும் அவள் புத்தி அங்கேதான் போனது. கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டு அண்ணத்தின் வளைவைத் தடவிப் பார்த்தாள். உயரமான அண்ணம், குறுகலான ஈறு. இந்த வாய்க்கு இந்தக் காம்பு தட்டையாக இருக்கிறது என்று முடிவு செய்தாள். நீளமானது வாங்கினாள். பிறகு குட்டையானது, உருண்டையானது, ஒரு பக்கம் சாய்ந்தது. குழந்தை எல்லாவற்றையும் ஒரே முகச்சுளிப்போடு வரவேற்றது.

கடைசியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பல் கட்டும் இளஞ்சிவப்பு மெழுகை மெழுகுவர்த்தியில் காட்டிக் காட்டி வளைத்து, அந்த வாய்க்கு எப்படிப்பட்ட காம்பு வேண்டுமோ அப்படியே ஒன்றைச் செய்து முடித்தாள். அழகான வேலை. அதைக் கைக்குட்டையில் சுற்றி மருந்துக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"இந்த வடிவத்துல நிப்பிள் இருக்குங்களா?"

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அம்மா, பத்து வருஷமா கடை வச்சிருக்கேன். சாம்பிள் பாட்டில் கொண்டாந்து கேட்டவங்க இருக்காங்க. மாத்திரை அட்டையக் கொண்டாந்து கேட்டவங்க இருக்காங்க. சிலை செஞ்சு கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தான்."

"இல்லைங்க, இந்த வளைவு மட்டும் பாருங்க…"

"இருக்கிறதெல்லாம் அந்தத் தட்டுல இருக்குதும்மா. குழந்தைய ஒரு நாள் பசிக்க விட்டுப் பாருங்க."

பசிக்க விடுவதா! அவளுக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தாள். வடிவம் இல்லையென்றால் ஓட்டம். துளை சின்னதாக இருப்பதால்தான் குழந்தை உறிஞ்சிக் களைத்துத் துப்புகிறது. ஊசியைச் சூடாக்கினாள். மெழுகில் எத்தனையோ ஆயிரம் முறை செய்த வேலை. கை தானாகச் செய்தது. காம்பின் துளை பெரிதானது.

பாட்டிலைச் சாய்த்ததும் பால் குபுக்கென்று வாய் நிறையக் கொட்டியது. குழந்தைக்குப் புரையேறியது. இருமியது, முகம் சிவந்தது, ஒரு கணம் சத்தமே வரவில்லை. அவள் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தட்ட, மூக்கு வழியாகப் பால் வந்து, பிறகு அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். அதன்பின் பாட்டிலைத் தூரத்தில் பார்த்தாலே குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. இதுவரை அது ஒரு பிடிவாதம். இனி அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் அவளுடைய கைவேலை.

இதைக் கணவனிடம் சொன்னாள். மேல் வீட்டு அக்காவிடமும் சொன்னாள். சொல்லாமல் குழந்தையை விட்டுப் போவது சரியில்லை என்று தோன்றியது. அக்கா ஓட்டை பெரிதான காம்பை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

"உன் வேலையெல்லாம் கெழவன் வாய்ல வச்சுக்க. கடையில விக்கற சாதாக் காம்பு ஒண்ணு குடு. குடுத்துட்டு நீ கீழ போ."

"நான் ஓரமா நிக்கறேன்க்கா. ஏதாவதுன்னா…"

"நீ நின்னா அதுக்கு என்ன தலையெழுத்தா பாட்டில்ல குடிக்க? கடையே எதிர்ல தொறந்திருக்கும்போது எவன் பார்சல் வாங்குவான்? போடி கீழ."

கீழே போகாமல் அவள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அழுகை, அக்காவின் அதட்டல், மறுபடி அழுகை. திடீரென்று அமைதி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சின்ன 'ங்க்' சத்தம், விழுங்குகிற சத்தம். மறுபடி ஒன்று. அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தொண்டை கமறியது. அடக்கினாள், அடக்கினாள், முடியாமல் ஒரே ஒரு இருமல். உள்ளே பாட்டில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு வீடே அதிரும் அழுகை. கதவு திறந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அங்கேயே உக்காந்திருக்கியா? நாலு வாய் உள்ள போச்சு. உன் இருமல் அத்தனையையும் வெளிய கொண்டாந்துருச்சு."

நாலு வாய். அதைத்தான் நம்பி இன்று அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். தெருக்கோடி தாண்டி, பேருந்து ஏறி, இருமினாலும் கேட்காத தூரத்தில்.

கல்லை நிறுத்தினாள். போன் அடித்தது.

கையிலிருந்த பல் செட் மேசையில் விழுந்து துள்ளியது. பிளாஸ்டர் அண்ணன் பாய்ந்து அதைப் பிடித்தார். இவள் போனைப் பிடித்தாள்.

"சொல்லுங்கக்கா! வந்துடறேன், இதோ வந்துடறேன்…"

"நான்தான்டி," என்றான் கணவன். பின்னணியில் இரும்புச் சத்தம். "அக்கா கூப்பிட்டாங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்கதான் கூப்பிட்டிருக்கீங்க."

"இல்ல, மனசு கேக்கல…"

"உங்க மனசுக்கு நெஞ்சு வெடிச்சு நான் செத்திருப்பேன். வைங்க போனை. நீங்க பேசற நேரத்துல அவங்க கூப்பிட்டா?"

"சரி சரி. கூப்பிட்டா எனக்குச் சொல்லு. கூப்பிடலேன்னாலும் சொல்லு."

"கூப்பிடலேன்னா எப்போன்னு சொல்றது?" என்றாள். அவன் யோசிக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

முற்பகல் ஏறியது. குழந்தை பால் குடிக்கும் வேளையை அவளுக்குக் கடிகாரம் சொல்ல வேண்டியதில்லை, உடம்பே சொன்னது. மார் கனத்துக் கட்டி, மேலங்கியில் இரண்டு இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவியது. எக்ஸ்ரே எடுக்கும் சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாலைப் பிழிந்து புட்டியில் எடுத்தாள். இந்த நேரம் அங்கே என்ன நடக்கும்? குடித்துக்கொண்டிருக்கும், அல்லது உதட்டை மூடிக்கொண்டு அழும். இரண்டில் ஒன்று. போனை மடியில் வைத்திருந்தாள். அது சும்மா கிடந்தது. ஒருவேளை அந்த அறைச் சுவரின் ஈயத் தகடு சிக்னலைத் தடுக்குமோ என்று தோன்றிய கணத்தில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"அண்ணே, என் நம்பருக்கு ஒரு தடவ அடிங்க."

அவர் அடித்தார். அவள் கையில் போன் அலறியது. தெரிந்தே அடித்தும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"அடிக்குது," என்றார் அண்ணன். "நல்லாத்தான் அடிக்குது. பேசாம வேலையப் பாரு. ஐயா வந்து உக்காந்துட்டாரு."

ஐயா என்பது ஓய்வு பெற்ற பேருந்து கண்டக்டர். காலையிலிருந்து இவள் தேய்க்கும் மேல் பல் செட் அவருடையது, இவள் இல்லாத மாதங்களில் கட்டியது. மெல்ல வருகிறது, பேச வருகிறது, ஆனால் விசில் வரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். முன்னறையில் டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விளையாட்டுக்குச் சொல்லல டாக்டர். என் நாய் பேரு சொன்னாத் திரும்பாது. விசில் அடிச்சாத்தான் வரும். பல்லு மாத்தினதுலேருந்து என்னை யாரோன்னு பாக்குது. சோத்தக் கொண்டுபோய் வச்சாலும் மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போய் உக்காருது."

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டாள். தேய்த்த செட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். போனை அண்ணன் முன்னால் வைத்தாள். "அடிச்சா எடுங்கண்ணே. அக்காவா இருந்தா மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

டாக்டரம்மா செட்டை அவர் வாயில் பொருத்தினார். கண்டக்டர் இரண்டு முறை கடித்துப் பார்த்தார். உதட்டை நனைத்துக் குவித்தார். வெறும் காற்று வந்தது.

"'போலாம் ரைட்' சொல்லுங்கய்யா," என்றாள் அவள்.

"போலாம் ரைட்!" முன்னறையே ஒரு முறை புறப்பட்டு நின்றது.

"இப்ப நாக்கு எங்க முட்டுதுன்னு பாருங்க. இன்னொரு தடவ ஊதுங்க."

மறுபடி காற்று. அதன் முடிவில், மிக மெல்லியதாக, கொசு போல ஒரு கீற்று. அவர் கண்கள் விரிந்தன. அவள் செட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். கல்லைப் போட்டாள். எங்கே தேய்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்தது. இரண்டு முன்பற்களுக்கு நடுவில், கடுகு இருக்குமளவு. தேய்த்தாள், ஊதினாள், இடுக்கியால் அளந்தாள். மெருகுச் சக்கரத்தில் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தாள். பொருத்தம் சரியாகத்தான் இருந்தது. இதற்கு மேல் தேய்த்தால் கெட்டுப்போகும்.

கல் நின்ற அமைதியில்தான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. மதியம் தாண்டியிருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். போனுக்கு முன்னால் தவம் போல உட்கார்ந்திருந்த அவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இல்லை.

சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை. அக்கா மறந்திருந்தால்? அக்காவின் போனில் சார்ஜ் இல்லாவிட்டால்? அழுது அழுது குழந்தை தூங்கிப்போயிருந்தால்? கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று கை நீண்டது. மூன்று குழந்தைகளும் தூங்குகிற வீடு ஒன்று கண்முன் வந்தது. கை பல் செட்டுக்குத் திரும்பியது.

முன்னறையில் கண்டக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றிருந்தார். போட்டுப் பார்த்தார். விசில் வந்தது. பழைய விசில் அல்ல, ஒரு பக்கம் சரிந்த, புதிதாகப் பழகும் பிள்ளை ஊதுகிற மாதிரியான விசில்.

"வருது," என்றார். பிறகு சந்தேகத்தோடு, "ஆனா இது என்னோடது இல்லியே தங்கச்சி. இதக் கேட்டு வருமா அது? பழகிடுமா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். பதிலும் நாக்கில் தயாராக இருக்கும். அது வழக்கம்போல வர ஆரம்பித்தது.

"மொதல்ல அந்நியமாத்தான் இருக்கும்யா. கழட்டிக் கழட்டிப் பாக்காதீங்க. அப்படியே விட்டுடுங்க. கொஞ்ச நேரத்துல வாய் தானா…"

அங்கே நின்றுவிட்டது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தார், வாக்கியம் முடியாமல் இறங்க மாட்டேன் என்பதுபோல.

"பழகிக்கும்," என்றாள்.

பின்னறையிலிருந்து போன் சத்தம் எதுவும் இல்லை. பல் செட்டை இரவில் போட்டு வைக்கும் சின்ன டப்பாவைத் துடைத்து, மூடியை அழுத்திச் சரிபார்த்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். அவரும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.